வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த பாடகி

 

போன மாதம் கே.பி.சுந்தராம்பாள் அம்மாவைப் பற்றி எழுதியதற்கு நிறையப் பேர் பதில் போட்டிருந்தீர்கள். மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி எப்படிப் பாட முடிந்தது என்று சிலர் ஆச்சரியப்பட்டிருந்தீர்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன், "டீச்சர், இங்கே ஓபராவில் இன்றைக்கும் அப்படித்தான் பாடுகிறார்கள். அதைப் பற்றியும் எழுதுங்கள்" என்று கேட்டிருந்தான். ஓய்வு பெற்ற பிறகு யூடியூப் புண்ணியத்தில் நானும் ஓபரா கேட்கப் பழகியிருக்கிறேன். அதனால் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பாடகியின் வரலாற்றை இன்று எழுதுகிறேன். நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

அவர் பெயர் லியோன்டீன் பிரைஸ். அமெரிக்கர். கறுப்பினப் பெண். சோப்ரானோ பாடகி.

ஓபரா என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முழுக்க முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் நாடகம் அது. சண்டை, காதல், சாவு எல்லாமே பாட்டுத்தான். பேச்சும் பாட்டும் கலந்து நடப்பது மியூசிக்கல். நம் பழைய இசை நாடகங்களுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வரும். ஓபரா பாடகருக்கு மைக் கிடையாது. மேடைக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் அறுபது எழுபது பேர் வாத்தியங்களோடு உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை வாத்தியத்தையும் மீறி, மூவாயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கும் அரங்கின் மேல் மாடி வரைக்கும் வெறும் தொண்டையால் பாட்டைக் கொண்டுபோக வேண்டும். அதற்காக மார்பையும் வாயையும் தலைக்குள் இருக்கும் வெற்றிடங்களையுமே ஒரு வாத்தியம் மாதிரிப் பழக்குகிறார்கள். பெண் குரல்களில் மிக உயரமானது சோப்ரானோ. அதிலும் பல வகை உண்டு. லியோன்டீனுடைய குரலை ஸ்பின்டோ என்பார்கள். மெல்லிசாகவும் இழையும், வேண்டிய இடத்தில் ஈட்டி மாதிரி வாத்தியங்களைக் கிழித்துக்கொண்டும் போகும். வெர்டி என்ற இத்தாலிய இசையமைப்பாளரின் நாயகிகளுக்கென்றே அளவெடுத்த குரல்.

1927-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் தேதி, மிசிசிப்பி மாநிலத்தில் லாரல் என்ற ஊரில் பிறந்தார். அப்பா மரம் அறுக்கும் மில்லில் தொழிலாளி. அம்மா மருத்துவச்சி, தேவாலயப் பாடகர் குழுவில் நன்றாகப் பாடுவார். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்த குழந்தை. பின்னால் ஒரு தம்பி. அவர் ராணுவத்தில் சேர்ந்து பிரிகேடியர் ஜெனரல் வரை உயர்ந்தார். ஒரு மில் தொழிலாளியின் இரண்டு பிள்ளைகளும் இப்படி வந்தார்கள் என்றால் அந்தத் தாய் தகப்பனைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கால மிசிசிப்பி எப்படிப்பட்டது என்பது முக்கியம். கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம், பேருந்தில் தனி இருக்கை, தண்ணீர் குடிக்கத் தனிக் குழாய். இதெல்லாம் வெறும் வழக்கம் இல்லை, சட்டம். நம் ஊர் டீக்கடைகளில் இரட்டைக் குவளை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம்.

மகளுக்குப் பாட்டில் ஆசை இருப்பதைப் பார்த்த பெற்றோர், வீட்டில் இருந்த கிராமபோனைக் கொடுத்துவிட்டு, அதையே முன்பணமாக வைத்து ஒரு பியானோ வாங்கினார்கள். மற்றவர்கள் பாடுவதைக் கேட்கும் கருவி போய், தானே வாசிக்கும் கருவி வந்தது. வகுப்பில் எத்தனையோ பெற்றோர்களிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. டிவி வாங்கித் தந்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். டிவியை விற்று ஆர்மோனியம் வாங்கியவர் யாரையும் பார்த்ததில்லை.

சிறுமியாக இருந்தபோது மரியன் ஆண்டர்சனின் கச்சேரிக்கு அம்மா கூட்டிப்போனார். மரியன் ஆண்டர்சன் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பினத்தவர் என்பதற்காக 1939-இல் வாஷிங்டனில் ஒரு பெரிய அரங்கத்தை அவருக்குத் தர மறுத்தார்கள். அவர் ஆப்ரகாம் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று, வெட்டவெளியில் 75,000 பேருக்கு முன் பாடினார். அப்படிப்பட்டவர் மேடையில் நடந்து வந்து நின்ற தோரணையே லியோன்டீன் மனதில் பதிந்துவிட்டது.

ஆனாலும் அவர் பாடகியாகப் போகவில்லை. என்னைப் போன்ற ஆளாகத்தான் போனார்! ஒஹாயோ மாநிலத்தில் வில்பர்போர்ஸ் என்ற இடத்தில், கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரியில், பள்ளிக்கூட இசை ஆசிரியை ஆவதற்குப் படித்தார். தெற்கில் படித்த ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு அன்று கைக்கெட்டிய மரியாதையான வேலை அதுதான். இரண்டு வருட ஆசிரியர் பயிற்சியில் பாட்டும் விளையாட்டுமாகப் பாடம் நடத்தப் படித்தவள் நான். அதனால் இந்த இடத்தை வாசிக்கும்போது எனக்கு ஒரு சொந்தம் தோன்றியது உண்மை. அவர் ஆசிரியை ஆகியிருந்தால் லாரல் ஊர்ப் பிள்ளைகளுக்கு லாபம். உலகத்துக்கு நஷ்டம்.

கல்லூரியில் அவர் குரலைக் கேட்டவர்கள் விடவில்லை. 1948-இல் பட்டம் வாங்கியதும் நியூயார்க்கில் உள்ள ஜூலியார்ட் இசைப் பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. நியூயார்க்கில் குடியிருக்கவும் சாப்பிடவும் பணம் வேண்டுமே? பால் ராப்சன் என்ற பெரும் பாடகர் அவருக்காக நிதிக் கச்சேரி ஒன்றில் பாடினார். லாரலில் அவருடைய அத்தை முறை உறவினர் ஒருவர் வேலை பார்த்த வெள்ளையர் வீட்டுக்காரர்களும் உதவினார்கள். ஜூலியார்டில் புளோரன்ஸ் கிம்பல் என்ற அம்மையாரிடம் சேர்ந்தார். அதற்குப் பிறகு பல வருடங்கள் அவர்தான் குரு.

1952-இல் கல்லூரி மாணவர்கள் நடத்திய ஓபராவில் அவர் பாடியதைக் கேட்ட இசையமைப்பாளர் வெர்ஜில் தாம்சன், தன்னுடைய படைப்பொன்றில் பாட பிராட்வேக்கு அழைத்துப்போனார். பிராட்வே என்றால் நியூயார்க்கின் நாடகத் தெரு. அங்கிருந்து நேராக 'போர்கி அண்ட் பெஸ்' நாடகத்துக்கு நாயகியாகப் போனார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஜார்ஜ் கெர்ஷ்வின் இசையமைத்து 1935-இல் வந்தது 'போர்கி அண்ட் பெஸ்'. சார்ல்ஸ்டன் நகரத்தில் ஏழைக் கறுப்பர்கள் வாழும் ஒரு தெருதான் களம். போர்கி கால் முடமான பிச்சைக்காரன். பெஸ் கெட்ட சகவாசத்திலும் போதையிலும் சிக்கிய பெண். இது ஓபராவா, மியூசிக்கலா என்று இன்று வரை சண்டை போடுகிறார்கள். கெர்ஷ்வின் ஓபரா என்றார்; நடந்தது பிராட்வே நாடக அரங்கத்தில். கறுப்பினப் பாடகர்களைத்தான் நடிக்க வைக்க வேண்டும் என்பதில் கெர்ஷ்வின் உறுதியாக இருந்தார். முறையாகப் படித்த கறுப்புப் பாடகர்களுக்கு ஓபரா அரங்கங்கள் கதவைத் திறக்காத காலத்தில், இதனால் எத்தனையோ பேருக்கு வேலை கிடைத்தது. கறுப்பர் என்றாலே சூதாட்டம், போதை, கொலை என்றா காட்டுவது என்று கறுப்பர்களிலேயே பலர் வருத்தப்பட்டதும் நியாயம்தான். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1936-இல் இதே நாடகம் வாஷிங்டன் நேஷனல் தியேட்டருக்குப் போனபோது, பார்வையாளரில் வெள்ளையர் கறுப்பர் என்று பிரித்தால் பாட மாட்டோம் என்று நாயகனாக நடித்த டாட் டங்கனும் நாயகியாக நடித்த ஆன் பிரவுனும் நின்றுவிட்டார்கள். அந்த நாடகம் நடந்த நாட்களுக்கு மட்டும் அரங்கம் எல்லோருக்கும் ஒன்றாகத் திறந்தது. லியோன்டீன் ஏற்ற வேடம் அப்படிப்பட்ட ஆன் பிரவுன் முதலில் ஏற்ற வேடம்.

1952 ஜூன் மாதம் டல்லாஸ் நகரத்தில் புதிய தயாரிப்பு அரங்கேறியது. போர்கியாகப் பாடியவர் வில்லியம் வார்ஃபீல்ட். ஆகஸ்டு கடைசியில் மேடையில் இருந்த ஜோடி நிஜத்திலும் கல்யாணம் செய்துகொண்டது. செப்டம்பரில் வியன்னா, பிறகு பெர்லின், லண்டன், பாரிஸ். செலவுக்குக் கைகொடுத்தது அமெரிக்க வெளியுறவுத் துறை. காரணம் இருக்கிறது. அது பனிப்போர்க் காலம். 'உங்கள் நாட்டில் கறுப்பரை எப்படி நடத்துகிறீர்கள்?' என்று ரஷ்யா கேட்டுக்கொண்டே இருந்தது. 'எங்கள் கறுப்புக் கலைஞர்களைப் பாருங்கள்' என்று காட்டுவதற்கு இந்தக் குழுவை ஊர் ஊராக அனுப்பினார்கள். பெர்லினில் கைதட்டல் வாங்கிய அதே லியோன்டீன் சொந்த ஊருக்குப் போனால் பேருந்தின் பின் இருக்கைதான். (கணவன் மனைவிக்கு வேலை வெவ்வேறு ஊர்களில். வாழ்க்கை நிலைக்கவில்லை. கடைசியில் 1973-இல் விவாகரத்து ஆனது.)

பெஸ் வேடத்திலேயே இருந்திருந்தால் காலமெல்லாம் வருமானத்துக்குக் குறைவிருக்காது. அவர் 1954-இல் அதிலிருந்து வெளியே வந்தார்.

1955-ஆம் ஆண்டு ஜனவரியில் என்பிசி தொலைக்காட்சி அவரை நாயகியாக வைத்து 'டோஸ்கா' ஓபராவை நேரடியாக ஒளிபரப்பியது. டோஸ்கா ரோம் நகரத்துப் பாடகி. அவளுடைய காதலன் ஓர் ஓவியன். ஓவியனாக நடித்தவர் வெள்ளையர். ஒரு கறுப்புப் பெண் வெள்ளையனின் காதலியாக வீட்டு வரவேற்பறைக்குள் வருவதா என்று தென் மாநிலங்களில் பல நிலையங்கள் அந்த ஒளிபரப்பைப் போடவே மறுத்தன. ரோசா பார்க்ஸ் பேருந்தில் எழுந்து இடம் விட மறுத்தது அதே வருடம் டிசம்பரில்தான். பாடப்புத்தகத்தில் அதைப் படித்திருப்பீர்கள்.

இனி 'அயிடா' கதைக்கு வருகிறேன். இந்தப் பதிவின் மையமே அதுதான்.

'அயிடா' வெர்டி எழுதிய ஓபரா. 1871-இல் கெய்ரோ நகரத்தில் முதன்முதலாக நடந்தது. அயிடா எத்தியோப்பிய நாட்டு இளவரசி. போரில் பிடிபட்டு, தான் யாரென்று சொல்லாமல் எகிப்து அரண்மனையில் அடிமையாக வேலை செய்கிறாள். எதிரிப் படைத் தளபதியை நேசிக்கிறாள். அப்பாவும் நாடும் ஒரு பக்கம், காதல் ஒரு பக்கம். கடைசியில் உயிரோடு கல்லறைக்குள் அடைக்கப்பட்ட காதலனோடு தானும் சேர்ந்து சாகிறாள். கதைப்படி நாயகி ஆப்பிரிக்கப் பெண். ஆனால் மேடையில் வழக்கமாக வெள்ளைப் பாடகிகள்தான் முகத்துக்கும் கைக்கும் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு பாடுவார்கள். அந்த வேடத்துக்குத் தன் தோலே தனக்கு உடை என்று லியோன்டீன் பின்னாளில் பெருமையாகச் சொல்வார்.

1957-இல் சான்பிரான்சிஸ்கோவில் அயிடாவாகப் பாட வேண்டிய இத்தாலியப் பாடகிக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்துவிட்டது. வேறொரு வேடத்துக்கு வந்திருந்த லியோன்டீன் ஏறிப் பாடினார். அடுத்த வருடம் வியன்னாவில் கராயன் என்ற பெரிய இசை நடத்துநரோடு. அப்புறம் லண்டன் கவென்ட் கார்டன். 1960-இல் இத்தாலியின் மிலான் நகரத்து லா ஸ்காலா. வெர்டியின் சொந்த நாட்டில், வெர்டியின் சொந்த அரங்கம் போன்ற இடத்தில், ஒரு மிசிசிப்பிப் பெண் வெர்டியைப் பாடுகிறார்!

ஐரோப்பாவில் இப்படிப் பெயர் பரவிக்கொண்டிருந்தபோதே நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவிலிருந்து அழைப்பு வந்தது. சுருக்கமாக 'மெட்' என்பார்கள். அமெரிக்காவில் அதைவிடப் பெரிய ஓபரா மேடை கிடையாது. 1883-இல் தொடங்கிய அந்த அரங்கத்தில் 1955 வரை ஒரு கறுப்பினப் பாடகர்கூட வேடம் ஏற்றுப் பாடியதில்லை. அந்த வருடம் ஜனவரி 7-ஆம் தேதி முதலில் ஏறியவர் மரியன் ஆண்டர்சன். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயதை நெருங்கிய நேரம். குரலின் நல்ல காலம் போயிருந்தது. கொடுத்த வேடம் ஒரே காட்சியில் வரும் குறிசொல்லி வேடம். இருபது நாள் கழித்து ராபர்ட் மெக்ஃபெரின் ஏறினார். ('டோன்ட் வொர்ரி, பி ஹேப்பி' என்று பாடிய பாபி மெக்ஃபெரினின் அப்பா!) அவருக்கு 'அயிடா'வில் அப்பா வேடம். பின்னால் இன்னும் சிலர்.

லியோன்டீனுக்கு வந்த முதல் அழைப்பும் 'அயிடா'வுக்குத்தான். இரண்டு முறை பாட வேண்டும். மெட் வாசல் திறக்கிறது என்றால் யாராக இருந்தாலும் ஓடுவார்கள். இவர் வேண்டாம் என்றார்.

அவரைத் தொலைக்காட்சியில் டோஸ்காவாகப் பாட வைத்தாரே பீட்டர் ஹெர்மன் அட்லர், அவரும் மற்ற நலம்விரும்பிகளும் சொன்ன யோசனை இது. முதல் முறை மெட் மேடையில் அடிமைப் பெண்ணாக ஏறினால், கறுப்பிப் பாடகி என்றால் இந்த வேடம் என்று கட்டிப்போட்டு விடுவார்கள். பெரிய இடத்துப் பெண்ணாக, பல வேடம் கைவசம் உள்ளவளாக உள்ளே போ என்றார்கள். யோசனை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். முப்பது வயதில், வாழ்நாள் கனவு வாசலில் வந்து நிற்கும்போது அதைக் கேட்டு நடக்கிற நெஞ்சுரம் வேண்டுமே. அயிடா அவருக்குப் பிடிக்காத வேடமா? இல்லை, உயிரான வேடம். ஐரோப்பா முழுக்கப் பாடியது அதைத்தான். ஆனாலும் இந்த ஒரு வாசலில் அதோடு நுழையவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு நம் ஆண்டு விழாக்கள் ஞாபகம் வந்தன. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், நாடகத்துக்கு ஆள் எடுக்கும்போது சிவப்பாக இருக்கிற பிள்ளை ராணி, கறுத்த பிள்ளை தாடகை அல்லது வேலைக்காரி. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், தானாகவே நடக்கும். ஒரு வருடம் குரல் கணீரென்று இருந்த ஒரு பெண்ணை நான் ஜான்சி ராணியாகப் போட்டேன். 'முகத்துக்குப் பவுடர் கூடுதலாகப் போட்டுவிடுங்கள்' என்று அறிவுரை வந்தது. அந்தப் பெண்ணே 'வேண்டாம் டீச்சர், வேர்வையில் வழியும்' என்று சொல்லிவிட்டாள். பவுடர் இல்லாமல்தான் வாளைச் சுற்றினாள். இந்தப் பதிவை அவளும் படிப்பாள் என்று நினைக்கிறேன்.

சரி, மெட்டுக்கு வருவோம். 1961 ஜனவரி 27. வெர்டியின் 'இல் ட்ரோவத்தோரே'. லியோன்டீன் ஏற்ற வேடம் லியோனோரா, ஸ்பெயின் அரண்மனையில் இளவரசிக்குத் தோழியான உயர்குலப் பெண். அவர் நினைத்தபடியே நுழைந்தார். நாயகனாகப் பாடிய இத்தாலியர் ஃபிராங்கோ கொரெல்லிக்கும் மெட்டில் அதுதான் முதல் இரவு. ஓபரா முடிந்த பிறகு கைதட்டல் 35 நிமிடம் நீடித்தது என்பார்கள். 42 என்று எண்ணியவர்களும் உண்டு. நம் பள்ளியில் ஒரு பாடவேளை 40 நிமிடம். அவ்வளவு நேரம் நின்றுகொண்டே கைதட்டுவதை நினைத்துப் பாருங்கள். அடுத்த சில வாரங்களில் மெட்டிலேயே இன்னும் நான்கு வேடங்கள் பாடினார். அயிடாவும் அதில் ஒன்று! இப்போது பாடுவதில் தடையில்லை. அவர் எல்லாம் பாடக்கூடியவர் என்பது நிலைநாட்டப்பட்டுவிட்டது. மார்ச் மாதம் 'டைம்' வார இதழின் அட்டையில் அவர் படம்.

அதே வருடம் அக்டோபரில் மெட்டின் புதிய பருவத்தைத் தொடங்கி வைக்கும் முதல் இரவு. நாயகி அவர்தான். கறுப்பினப் பாடகி ஒருவர் அந்த இரவுக்கு நாயகியாவது அதுவே முதல் தடவை. வாத்தியக்காரர்களின் சம்பளத் தகராறால் பருவமே ரத்தாகும் நிலை வந்து, அதிபர் கென்னடியின் தொழிலாளர் அமைச்சர் ஆர்தர் கோல்ட்பெர்க் தலையிட்டுத் தீர்த்துவைத்தார். ஓபராவின் பெயர் 'லா ஃபான்சியுல்லா டெல் வெஸ்ட்'. கலிபோர்னியத் தங்கச் சுரங்கத்து மதுக்கடைக்காரியின் கதை.

இரண்டாவது முறை அதைப் பாடும்போது பாதியில் அவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. காட்சியை நிறுத்தாமல், பாட வேண்டிய வரிகளைப் பேசியே இரண்டாம் அங்கத்தை முடித்தார். மூன்றாம் அங்கத்தை வேறொரு பாடகி வந்து பாடினார். சாக்பீஸ் தூசியில் மூன்றாம் பாடவேளைக்குள் தொண்டை கட்டி, மீதி நாளைச் சைகையிலேயே ஓட்டிய ஆசிரியர்களுக்கு இந்த வேதனை தெரியும். அதன் பிறகு கொஞ்ச காலம் ஓய்வெடுத்துக்கொண்டார். வந்த வேடத்தையெல்லாம் ஒப்புக்கொள்வதில்லை என்பதில் இன்னும் கண்டிப்பானார்.

1964-இல் மெட் குழுவோடு ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவுக்குப் போய், மொசார்ட்டின் 'டான் ஜொவான்னி'யில் டோன்னா அன்னா என்ற உயர்குலப் பெண்ணாகப் பாடினார். மெட் குழுவில் முக்கிய வேடம் ஏற்றுத் தென் மாநிலத்தில் ஒரு கறுப்பினப் பாடகி பாடியது அதுதான் முதல் முறை. பதினொன்பது வருடம் என்ன, ஒன்பது வருடத்துக்கு முன்புதான் அந்தப் பக்கத்து நிலையங்கள் அவர் முகத்தைத் திரையில் காட்ட மறுத்திருந்தன. அட்லாண்டா என்ற பெயரையும் நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

மெட் தன் பழைய கட்டடத்தை விட்டு லிங்கன் சென்டரில் புதுக் கட்டடத்துக்குப் போனது 1966 செப்டம்பர் 16-இல். திறப்பு விழாவுக்கென்றே சாமுவேல் பார்பர் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 'ஆன்டனி அண்ட் கிளியோபாட்ரா' ஓபராவை எழுதினார். கிளியோபாட்ரா வேடத்தை லியோன்டீன் குரலை மனதில் வைத்தே எழுதினார். இருவரும் பழைய நண்பர்கள். பாட்டெல்லாம் அருமை. கெட்டது அரங்க அமைப்பு. இயக்குநர் செஃபிரெல்லி மேடை முழுக்க மனிதர்களும் மிருகங்களும் கனமான உடைகளுமாகக் குவித்துவிட்டார். புது மேடையின் சுழலும் தளம் பாரம் தாங்காமல் பழுதானது. ஒத்திகையில் கிளியோபாட்ரா வெளியே வர வேண்டிய பிரமிட் திறக்காமல் லியோன்டீன் உள்ளேயே மாட்டிக்கொண்டார்! விமர்சகர்கள் ஓபராவைக் கிழித்தார்கள். பார்பர் மனம் நொந்துபோனார். லியோன்டீன் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஓபராவின் பாட்டுகளைத் தன் கச்சேரிகளில் தொடர்ந்து பாடி உயிரோடு வைத்திருந்தார்.

ஐந்து வாரம் கழித்து, அதே நியூயார்க்கில், அக்டோபர் 23-ஆம் தேதி நம் எம்.எஸ்.சுப்புலட்சுமி அம்மா ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. ஒரே இலையுதிர் காலத்தில் ஒரே ஊரில் இரண்டு குரல்கள் என்று நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

1970-க்குப் பிறகு ஓபராவைக் குறைத்துக்கொண்டு தனிக் கச்சேரிகள் அதிகம் செய்தார். ஒவ்வொரு கச்சேரியிலும் தேவாலயத்தில் கறுப்பர்கள் பாடும் ஸ்பிரிச்சுவல் பாட்டுகளும் இருக்கும். அம்மாவிடம் கேட்டு வளர்ந்தவை. கிராமி விருது 13 வாங்கினார். மெட் குழுவோடு மொத்தம் 201 முறை, 16 வேடங்கள்.

1985 ஜனவரி 3, மெட்டில் கடைசி ஓபரா. 57 வயது. எந்த வேடத்தில் விடைபெறலாம்? அயிடா! வந்த அன்று மறுத்த அதே வேடத்தில் விடைபெற்றார். அது நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது.

இன்னொரு விஷயம். அவர் விடைபெற்று ஒரு மாதம் சற்றே தாண்டியிருந்தது, பிப்ரவரி 6-ஆம் தேதி மெட்டில் முதன்முறையாக 'போர்கி அண்ட் பெஸ்' நடந்தது. எழுதி ஐம்பது வருடம் கழித்து! லியோன்டீனைப் புகழுக்குக் கொண்டுவந்த பெஸ் வேடத்தை மெட்டில் ஏற்றவர் கிரேஸ் பம்ப்ரி. மெட்டில் பெஸ் பாடும் வாய்ப்பு லியோன்டீனுக்கு வரவே இல்லை. அது ஓபராதான் என்று ஒப்புக்கொள்ள அந்த அரங்கத்துக்கு அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. வெள்ளைப் பாடகர்கள் 'ஒத்தெல்லோ'வுக்குக் கறுப்புச் சாயம் பூசுவதை நிறுத்த 2015 வரை ஆனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அயிடா அதோடு முடியவில்லை. ஆசிரியைக்குப் படித்தவர் அல்லவா? 1990-இல் அயிடாவின் கதையைக் குழந்தைகளுக்குப் புரியும்படி எழுதிப் படப் புத்தகமாக வெளியிட்டார். படங்கள் வரைந்தவர்கள் லியோ, டயான் டில்லன் தம்பதி. அவர் சொன்ன கதையில் அயிடா முதலில் இளவரசி, அப்புறம்தான் அடிமை. அந்தப் புத்தகத்தை அடிப்படையாக வைத்து எல்டன் ஜானும் டிம் ரைஸும் ஒரு மியூசிக்கல் உருவாக்கினார்கள். 1998-இல் அது முதன்முதலாக மேடையேறிய ஊர் அட்லாண்டா. பிறகு 2000-இல் பிராட்வேக்கு வந்து 1,852 காட்சிகள் ஓடியது. அயிடாவாக நடித்த ஹெதர் ஹெட்லி, டிரினிடாடில் பிறந்த கறுப்பினப் பெண், டோனி விருது வாங்கினார். 1952-இல் ஒரு கறுப்பு மாணவி பெஸ்ஸாக வந்து நின்ற பிராட்வேயில், அவர் குழந்தைகளுக்கு எழுதிய கதை நாலு வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது.

ஓய்வுக்குப் பிறகு ஒரு தடவை மேடைக்கு வந்தார். 2001 செப்டம்பர் தாக்குதலில் இறந்தவர்களுக்காக கார்னகி ஹாலில் நடந்த நினைவுக் கச்சேரி. அவருக்கு 74 வயது.

கேட்க விரும்புகிறவர்களுக்கு: யூடியூபில் அவர் பெயரோடு அயிடா, 1985 என்று போட்டால் மூன்றாம் அங்கத்தில் நைல் நதிக்கரையில் பாடும் பாட்டு வரும். இனி என் நாட்டைப் பார்க்கவே மாட்டேனா என்று அயிடா ஏங்கும் பாட்டு. இத்தாலிய மொழி புரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள். பாட்டு முடிந்ததும் அணைத்துவிடாதீர்கள். கைதட்டல் நிற்காமல் நிமிடக்கணக்கில் போகும். அவர் அயிடாவாகவே அசையாமல் நிற்கப் பார்ப்பார். கொஞ்ச நேரம் கழித்து அவர் முகத்தைக் கவனியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்